புவிக்காந்தப் புலத்தின் கால மாற்றங்கள்

பூமியின் உள்ளிருந்து எழுந்து விண்வெளிவரை பரவியிருக்கும் காந்தப் புலம் புவிக்காந்தப் புலம் எனப்படும். நிலப்பரப்பில் அதன் வலிமை இடத்துக்கு இடம் சுமார் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை வேறுபடுகிறது. காலத்தைப் பொறுத்தும் அது மாறுகிறது. சில நொடிகளில் வந்துபோகும் அதிர்வுகளும் உண்டு. பல லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை துருவங்கள் இடம் மாறுவதும் உண்டு. குறுகிய கால மாற்றங்களுக்குப் பெரும்பாலும் சூரியனும், நீண்ட கால மாற்றங்களுக்குப் பூமியின் கருவும் காரணம்.

தோற்றம்

சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவில் உருகிய இரும்பே பெரும்பகுதி. கரு வெப்பத்தை இழப்பதாலும், உட்கரு மெல்ல உறைந்து வளரும்போது எடை குறைந்த தனிமங்கள் பிரிந்து மேலெழுவதாலும் அந்தத் திரவம் ஓயாமல் புரள்கிறது. பூமியின் சுழற்சி அதன் ஓட்டங்களைத் திருகிவிடுகிறது. மின்கடத்தும் இத்திரவம் காந்தப் புலத்தின் ஊடே பாயும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் புலத்தைத் தொடர்ந்து புதுப்பிக்கிறது. இந்த இயக்கமே புவி டைனமோ. ஓட்டம் சீராக இல்லாததால் புலமும் நிலையாக இருப்பதில்லை.

குறுகிய கால மாற்றங்கள்

பகலில் சூரியக் கதிர்கள் அயனி மண்டலத்தில் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன. காந்த நடுக்கோட்டை ஒட்டி, 100 கி.மீ.க்குச் சற்று மேலான உயரத்தில் இந்த மின்னோட்டம் ஒரு குறுகிய பட்டையாகக் குவிந்து ஓடுகிறது. அதனால் திருநெல்வேலி, கொடைக்கானல் போன்ற இடங்களில் புலத்தின் நண்பகல் ஏற்றம் மிகுதி.

சூரிய வெடிப்புகளால் காந்தப் புயல்கள் எழுகின்றன. 1859 செப்டம்பரில் வீசிய பெரும் புயலை மும்பையின் கொலாபா ஆய்வகம் பதிவு செய்தது. 1841இல் அளவீட்டைத் தொடங்கிய ஆய்வகம் அது. நகரின் டிராம்களை மின்சாரத்தில் இயக்கத் திட்டமிட்டபோது, கருவிகள் பாதிக்கப்படாமலிருக்க 1904இல் அலிபாகில் புதிய ஆய்வகம் அமைந்தது. அளவீட்டுத் தொடர் அறுபடாமல் காக்கப்பட்டது அறிவியலுக்குப் பெரும் பேறு.

நூற்றாண்டு மாற்றம்

திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து விலகி நிற்கும் கோணம் காந்த ஒதுக்கம். லண்டனில் 1580இல் அது கிழக்காகச் சுமார் 11 டிகிரியாக இருந்தது. 1634இல் ஹென்றி கெல்லிபிராண்ட் அளந்தபோது சுமார் 4 டிகிரிதான். பழைய கணக்கைப் பிழையென்று தள்ளாமல், புலமே மாறுகிறது என்று அவர் 1635இல் அறிவித்தார். 1660 வாக்கில் லண்டனில் ஒதுக்கம் சுழியானது. 1820 வாக்கில் மேற்காக 24 டிகிரியை எட்டியது. 2019இல் கிரீனிச்சில் மீண்டும் சுழியைத் தொட்டது.

வட காந்தத் துருவமும் நகர்கிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். பின்னர் வடக்கு நோக்கி நகர்ந்த அது, 1990களில் வேகமெடுத்து ஆண்டுக்கு 50 கி.மீ.க்கு மேல் சைபீரியாவை நோக்கிச் சென்றது. அண்மையில் வேகம் தணிந்துள்ளது. கப்பல்கள், விமானங்கள், கைபேசிகள் நம்பியிருக்கும் உலகக் காந்த மாதிரி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது வழக்கம். இந்த நகர்வால் 2019இல் அதை முன்கூட்டியே திருத்த வேண்டியிருந்தது.

துருவங்கள் தலைகீழாதல்

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள காந்தத் தாதுக்கள் அன்றைய புலத்தின் திசையைப் பதித்துக்கொள்கின்றன. இன்றைய திசைக்கு நேரெதிரான பதிவை பெர்னார் புருன் 1906இல் பிரான்ஸ் நாட்டுப் பாறைகளில் கண்டார். புலம் தொல்காலத்தில் தலைகீழாக இருந்தது என்பதற்கு மோட்டோநோரி மாட்டுயாமா 1929இல் ஜப்பானியப் பாறைகளிலிருந்து சான்று காட்டினார். கடைசி மாற்றம் சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. கடலடித் தரையில் மாறிமாறி அமைந்த காந்தப் பட்டைகளை இம்மாற்றங்களின் பதிவாக வைன், மேத்யூஸ் இருவரும் 1963இல் விளக்கினர். தட்டுப் புவியியலுக்கு அது வலுவான சான்றாயிற்று.

இம்மாற்றங்களுக்குக் கால ஒழுங்கு கிடையாது. சுமார் 12.1 கோடி முதல் 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீண்ட காலம் புலம் ஒரே திசையில் நிலைத்திருந்தது. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் புலம் மிகவும் நலிந்து, திசை மாறி, விரைவில் பழைய நிலைக்கே திரும்பியது.

இன்றைய நிலை

1840 முதல் புவிக்காந்தத்தின் இருமுனை வலிமை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துள்ளது. தென் அட்லாண்டிக்கின் மேல் புலம் குறிப்பாக நலிந்திருப்பதால், அங்கே செயற்கைக்கோள்கள் கூடுதல் கதிர்வீச்சுக்கு ஆளாகின்றன. இவற்றை மட்டும் வைத்துத் துருவ மாற்றம் நெருங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. இத்தகைய சரிவுகளிலிருந்து புலம் முன்பும் மீண்டிருக்கிறது. 2013இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்களும் தரை ஆய்வகங்களும் சேர்ந்து இம்மாற்றங்களை அளந்துவருகின்றன.