தருமபுரி அகழ்வைப்பகமும் நம் வீட்டுப் பழைய தாள்களும்

தருமபுரி நகரில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து போகும் நம் குடும்பத்தார் பலர். உள்ளே போனவர்கள் குறைவு. "வணங்கப்பட்ட கற்கள்தானே, அங்கே போகலாமா?" என்று நம்மிடம் கேட்பவர்களும் உண்டு. வரலாற்றுச் சான்றாகப் பார்ப்பது வேறு, வணங்குவது வேறு. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியவை நடுகற்கள். மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் மாண்டவர்களுக்காக ஊரார் நட்டவை அவை. பழைய கற்களில் அரசனின் ஆட்சியாண்டு, இறந்தவன் பெயர், அவன் எப்படி இறந்தான் என்பதெல்லாம் வட்டெழுத்தில் இருக்கும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கற்களும் இவ்வட்டாரத்தில் கிடைத்துள்ளன. அரண்மனைப் புகழுரைகளில் இடம்பெறாத சாதாரண மனிதனின் பெயர் 1,400 ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது. 1970களில் ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று படியெடுத்து அச்சிட்டதால்தான் இன்று நாம் அவற்றை வாசிக்க முடிகிறது.

தாள்களின் கதை வேறு. இப்பகுதி அன்று பாராமகால். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்த ஏழாண்டுகள் அலெக்சாண்டர் ரீடு, தாமஸ் மன்றோ போன்றோர் இங்கே நிலவரியை வகுத்தார்கள். அக்காலத்தை அறிய ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது அந்த அதிகாரிகளின் ஆங்கிலப் பதிவுகளைத்தான். 1799இல் திப்பு ஷஹீதானபின் அவரது நூலகத்தின் ஏறத்தாழ 2,000 கையெழுத்து நூல்களும் கம்பெனி வசமாயின. சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்கு 1809இல் பட்டியல் வெளியிட்டார். பல நூல்கள் இன்று லண்டனில் உள்ளன.

அதைச் சொல்லி வருந்துகிறோம். ஆனால் நம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கிழிந்த முஸ்ஹஃபுகளைக் கண்ணியமாகப் புதைக்கிறோம், சரி. அவற்றோடு சேர்ந்து அரபுத் தமிழ்க் கையேடு, பார்சி எழுத்திலுள்ள இனாம் பத்திரம், நிகாஹ் பதிவு, கடிதக் கட்டு எல்லாம் மண்ணுக்குள் போய்விடுகின்றன. புதைக்கும் முன் எழுத்து தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். பசை நாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டுமே பழைய தாளைக் கெடுக்கும். சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பார்சி, உருதுச் சுவடிகளும் பாதுகாக்கப்படுகின்றன, அங்கே விசாரிக்கலாம்.

மே 18 உலக அருங்காட்சியக தினம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்நாட்களையொட்டி அருங்காட்சியகங்களில் கண்காட்சியும் சொற்பொழிவும் நடத்துவது வழக்கம். போகும்போது வீட்டுப் பத்திரத்தின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே வரும் ஆய்வாளர்களிடம் நேரிலேயே காட்டிக் கேட்கலாம்.