தலைப்பாகையும் கூடைப்பந்தும்: களத்துக்கு வெளியே நடந்த ஆட்டம்

2014 ஜூலை மாதம் சீனாவின் வூஹான் நகரில் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. இந்தியாவின் முதல் ஆட்டம் ஜப்பானுடன். ஆட்டம் தொடங்கும் முன் இந்திய வீரர்கள் அம்ஜோத் சிங், அம்ரித்பால் சிங் இருவரையும் நடுவர்கள் நிறுத்தினார்கள். தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆடலாம் என்றார்கள். பயிற்சியாளர் ஸ்காட் ஃபிளெமிங் வாதாடிப் பார்த்தும் பலனில்லை. சீக்கியரான இருவரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நாட்டுக்காக ஆடினார்கள்.

நடுவர்கள் காட்டியது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியை. மற்ற வீரர்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய பொருட்களை அணியக் கூடாது என்று அது சொன்னது. அந்தப் பட்டியலில் தலையில் அணிபவையும் இருந்தன. மென்மையான துணியால் யாருக்குக் காயம் என்று கேட்டால் பதில் கிடையாது! அதே தொடரில் இந்தியா 65-58 என்று சீனாவையே அதன் சொந்த மண்ணில் தோற்கடித்தது. அந்த வெற்றியோடு சேர்த்து இந்த அவமானமும் பேசப்பட்டது.

விதி பிறகு மாறியது. ஆனால் எப்படி மாறியது? அதைப் புரிந்துகொள்ள, களத்துக்கு வெளியே குரல் கொடுத்த கூடைப்பந்து வீரர்களின் பழைய கதைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காபிக் கடையில் தொடங்கிய கதை

1961 அக்டோபரில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி கண்காட்சி ஆட்டத்துக்காக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் நகருக்குப் போனது. தங்கியிருந்த ஓட்டலின் காபிக் கடையில் கறுப்பின வீரர்கள் இருவருக்குச் சாப்பாடு தர மறுத்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி அவர்கள் ஆட்டத்தை ரசிக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் கூடாது! பில் ரஸ்ஸல் உட்பட அணியின் கறுப்பின வீரர்கள் ஆடாமல் ஊர் திரும்பினார்கள். எதிரணியின் கறுப்பின வீரர்களும் விலகினார்கள். ஆட்டம் என்னவோ வெள்ளை வீரர்களை மட்டும் வைத்து நடந்து முடிந்தது.

அடுத்தது 1964 ஜனவரி. அந்த ஆண்டின் நட்சத்திர ஆட்டம் பாஸ்டனில், தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பாக இருந்தது. வீரர்கள் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி கொடுத்தால்தான் களம் இறங்குவோம் என்றார்கள். கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் ஒரே அறையில் ஒரே முடிவோடு இருந்தார்கள். என்.பி.ஏ. தலைவர் வால்டர் கென்னடி நேரில் வந்து வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. வீரர்கள் சங்கத்துக்கு உண்மையான பலம் வந்தது அன்றைக்குத்தான்.

தனியாக நின்றவர்கள்

கிரெய்க் ஹாட்ஜஸ் சிகாகோ புல்ஸ் அணியின் வீரர். மூன்று புள்ளி எறியும் போட்டியில் 1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர். 1991 அக்டோபரில் வெற்றி பெற்ற அணியோடு வெள்ளை மாளிகைக்குப் போனபோது ஆப்பிரிக்க உடை அணிந்து சென்றார். ஏழைகள், கறுப்பின மக்கள் நிலை பற்றி அதிபர் புஷ்ஷுக்கு (தந்தை) ஒரு கடிதமும் கொடுத்தார். 1992இல் அணி அவரை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு எந்த என்.பி.ஏ. அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது.

மஹ்மூத் அப்துல் ரவூஃப் டென்வர் அணியின் முன்னணி வீரர். 1995-96 பருவத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்தார். அந்தக் கொடி தனக்கு அடக்குமுறையின் அடையாளமாகத் தெரிகிறது என்றார். 1996 மார்ச்சில் ஒரு ஆட்டத்துக்கு அவரைத் தடை செய்தார்கள். சம்பளத்தில் 31 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. பிறகு நின்றபடி பிரார்த்தனை செய்துகொள்ளலாம் என்று சமரசம் ஆனது. ஆனால் பருவம் முடிந்ததும் வேறு அணிக்கு மாற்றினார்கள். 1998இல் ஒப்பந்தம் முடிந்தபோது 29 வயதுக்காரரான அவரைக் கூப்பிட அங்கே ஆளில்லை.

இருவரும் தனி ஆட்கள். பக்கத்தில் இருந்த சக வீரர்கள் அமைதியாக இருந்தார்கள்.

இப்போது 2020 ஆகஸ்டுக்கு வருவோம். கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் முதுகில் சுட்டது. ஆகஸ்ட் 26 அன்று மில்வாக்கி பக்ஸ் அணி மொத்தமாகக் களம் இறங்க மறுத்தது. அன்றைய மற்ற ஆட்டங்களும் நின்றன. தேர்தலில் விளையாட்டு அரங்குகளை வாக்குச்சாவடிகளாகத் திறக்க நிர்வாகம் ஒப்புக்கொண்ட பிறகே ஆட்டம் மறுபடி தொடங்கியது. யாருக்கும் வேலை போகவில்லை. ஹாட்ஜஸ் கேட்டதைவிட இவர்கள் குறைவாகக் கேட்கவில்லை. வித்தியாசம் தலைக்கணக்கில் இருந்தது.

மறுபடி தலைப்பாகைக்கு

வூஹானில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வெளியேறினால் நாட்டுக்கு இழப்பு, ஆடினால் நம்பிக்கைக்கு இழப்பு. அந்த இடத்தில் அவர்களைக் குறை சொல்வது சுலபம், நியாயமாகாது. ஆனால் செய்தி வெளியானதும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்க எம்.பி.க்கள் ஃபிபாவுக்குக் கடிதம் எழுதினார்கள்.

அதே 2014 செப்டம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கத்தார் பெண்கள் அணியிடம் ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் மங்கோலியாவுடன் ஆட மறுத்து, போட்டியிலிருந்தே விலகினார்கள். அமெரிக்காவில் பில்கிஸ் அப்துல் காதிர் என்ற கல்லூரி வீராங்கனைக்கு இதே விதியால் வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராகும் வாய்ப்பு போயிருந்தது. அவரும் போராடினார். இப்படி இரண்டு மதங்கள், பல நாடுகள், ஆண்கள், பெண்கள் எல்லாரும் ஒரே விதியை எதிர்த்தார்கள். ஃபிபா முதலில் சோதனை முறையில் உள்நாட்டுப் போட்டிகளுக்கு மட்டும் தளர்த்தியது. 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய மாநாட்டில் விதி மாறியது. 2017 அக்டோபர் 1 முதல் தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் அனுமதி. தலைப்பாகைக்காரரின் வெற்றியில் ஹிஜாப் அணிந்தவரின் உழைப்பும் இருக்கிறது.

நம் பக்கத்தில்

இந்தியாவில் என்.பி.ஏ. போன்ற பெரிய தொழில்முறை லீக் நிலைக்கவில்லை. யு.பி.ஏ. என்ற லீக் 2015இல் தொடங்கி 2017இல் நின்றுபோனது. நல்ல வீரர்கள் பெரும்பாலும் ரயில்வே, வங்கி, ராணுவம், பொதுத்துறை நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். வேலை கொடுப்பவரே ஆட வைப்பவரும் என்னும்போது குரல் இயல்பாகவே தாழ்ந்துவிடும்.

அப்படியும் சிலர் சத்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன் ஆனவர். கல்யாணம், குழந்தை என்றால் பெண்ணின் ஆட்டம் முடிந்தது என்பது நம் ஊர்க் கணக்கு. அவர் தாயான பிறகும் இந்திய அணிக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவை இந்தியா வென்றபோது அணியில் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இதுவும் தனி ஆளின் பிடிவாதம்தான். அடுத்த தாய்க்கும் இடம் உண்டு என்று உறுதி சொல்ல ஒரு வீரர் சங்கம் இருந்தால் பிடிவாதம் தேவைப்படாது.

பெங்களூரிலிருந்து ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரிக்கு வரும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி இருக்கிறது. இங்கே சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. நிரந்தரத் தொழிலாளி கேள்வி கேட்டால் பேச்சுவார்த்தை. ஒப்பந்தத் தொழிலாளி தனியாகக் கேட்டால் அடுத்த மாதம் அவர் பெயர் பட்டியலில் இருக்குமா என்பது சந்தேகம். ஏழடி உயர வீரராக இருந்தாலும், ஷிப்டுக்குப் பஸ் ஏறுபவராக இருந்தாலும் இது ஒன்றுதான்.

விளையாட்டு வீரர் விளையாட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், லெக்சிங்டன் காபிக் கடையை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். பிரச்சினையைத் தேடி ரஸ்ஸல் போகவில்லை. சாப்பிடத்தான் போனார்கள். பிரச்சினை அங்கே காத்திருந்தது. அப்போது எழுந்து போகிறவர் ஒருவரா, ஐந்து பேரா, மொத்த அணியா என்பதுதான் அடுத்து நடப்பதை முடிவு செய்கிறது.