கடல் கடந்த பிள்ளைப் பட்டம்

ஐக்கிய நாட்டு மன்றத்தின் மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை பணியாற்றிய நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1941ஆம் ஆண்டு பிறந்தவர். இன ஒதுக்கல் ஆட்சியின்போது வழக்கறிஞராகத் தொண்டாற்றி, பின்னர் நீதிபதியாக உயர்ந்தவர். உலகச் செய்தி ஏடுகள் அவரைத் தென்னாப்பிரிக்கப் பெண்மணி என்றே குறித்தன. ‘பிள்ளை’ என்பது அங்கே நெடுங்காலமாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்று. ஆப்பிரிக்க மண்ணில் வேர்கொண்டு, அங்கிருந்து இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கும் இன்று அது சென்றுள்ளது.

இப்பெயரில் தமிழ் கற்றோர் நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தமிழகத்தில் பிள்ளை என்பது ஆடவர் பெயரின் பின் நிற்கும் பட்டம். அதே குடும்பத்துப் பெண்டிரை ‘அம்மாள்’ என்றும் ‘ஆச்சி’ என்றும் வழங்குவரேயன்றி, அவர்கள் பெயரோடு பிள்ளை என்பதைச் சேர்ப்பது பழைய வழக்கன்று. ஆனால், நவநீதம் அம்மையார் மணத்தின் வழியே கணவர் குடும்பப் பெயராகிய பிள்ளையைப் பெற்றார். பட்டம் பெண்ணின் பெயராயிற்று என்றால், அது பட்டமாக இருப்பதை விட்டுவிட்டது என்பதே பொருள். இம்மாற்றம் எங்கே, எவ்வாறு நிகழ்ந்தது? மலாக்காவில் வாழும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இவற்றை ஆராய்வோம்.

சொல்லின் பழமை

பிள்ளை என்னும் சொல்லின் முதற்பொருள் இளமை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைக் கூறுகின்றது. அவற்றுள் பிள்ளையும் ஒன்று. அன்பும் மதிப்பும் ஒருங்கே உணர்த்தும் சொல்லாக அது பின்னர் வளர்ந்தது. ஞானசம்பந்தரை ஆளுடைய பிள்ளையார் என்று சைவர் போற்றினர். பெரியவாச்சான் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் ஆகிய வைணவ ஆசிரியர்கள் அந்தணர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்க்குத் துபாசியாக விளங்கி நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) ஆயர் குலத்தவர். வேளாளரிடையே இப்பட்டம் பெருவழக்காக இருந்தது உண்மை. எனினும் எந்தக் காலத்திலும் அது ஒரு குலத்தார்க்கே உரிமையாக இருந்ததில்லை. ஊரும் உறவும் அறிந்த சூழலில், ஒருவரை மதித்து அழைக்கும் சொல்லாகவே அது நின்றது. ஊர்ப்பெயர், தந்தை பெயர், தன் பெயர் என்னும் வரிசையில் இறுதியாக ஒட்டிக்கொண்ட அணி அது. அதனை நீக்கினாலும் பெயர் குறைவுபடாது.

நேட்டாலில் நிகழ்ந்தது

1860 நவம்பர் 16ஆம் நாள், ‘டுரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். 1911இல் இவ்வேற்பாடு முடியும்வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்டவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களுட் பெரும்பான்மையர்.

கப்பல்தோறும் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். அதனை அடுத்து அவர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. இப்பட்டியல்களை ஆராய்ந்து சுரேந்திர பானா 1991இல் நூலொன்று வெளியிட்டார். பட்டியலில் வருவன பெரும்பாலும் முனியன், சின்னசாமி, ராமசாமி, குப்பம்மாள் போன்ற தனிப்பெயர்களே. குடும்பப் பெயருக்கெனத் தனியிடம் அதில் இல்லை.

ஒப்பந்தம் முடிந்தபின் இக்கட்டு தோன்றிற்று. நிலம் வாங்கவும், கடை உரிமம் பெறவும், திருமணம் பதியவும், பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கவும் குடும்பப் பெயர் எது என்று ஆங்கில அலுவலகம் கேட்டது. தந்தை பெயரைச் சொன்னால் அது ஒரு தலைமுறைக்கே உரியது. ஆகவே தலைமுறை கடந்து நிற்கக்கூடிய சொல்லைத் தேடியவர்களுக்குப் பட்டங்கள் கைகொடுத்தன. பிள்ளை, நாயுடு, நாயக்கர், செட்டி, ரெட்டி, முதலியார், படையாட்சி, கவுண்டர் என்பன இவ்வாறு குடும்பப் பெயர்களாயின. வேறு பலர்க்கு முன்னோரின் தனிப்பெயரே குடும்பப் பெயராயிற்று. கவுண்டர் என்பது ‘கொவெண்டர்’ என்றும், முதலியார் என்பது ‘மூட்லி’ என்றும் உருமாறி, அவ்வடிவங்களிலேயே நிலைத்தன என்பது பொதுவான கருத்து.

புறப்பட்ட ஊரில் பட்டம் இல்லாதோரும் புதிய நாட்டில் பட்டம் சூடிக்கொண்டது வரலாற்றாசிரியர் பலரும் குறித்த செய்தி. இதனை ஏமாற்று என்று இகழ்தல் தகாது. சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவன் கடலைக் கடந்தபின், தன் மக்களுக்கு மதிப்புள்ள பெயர் ஒன்றைக் கொடுக்க விரும்பினான். கேட்டவனிடம் ஊரில் விசாரிக்க வழி இல்லை. ஆதலின் டர்பனில் ஒருவர் பெயர் பிள்ளை என்பதைக்கொண்டு அவர் முன்னோர் இன்ன குலத்தார் என்று துணிதல் பெரும்பிழையாகும். பெயரிலிருந்து அவ்வாறு குலம் ஆராய முயல்வோர் தமிழகத்திலும் உளர், இங்கும் உளர். அவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மையை, தாய்வழியூரைச் சேர்த்துத் தில்லையாடி வள்ளியம்மை என்றே நாம் வழங்குகின்றோம். தென்னாப்பிரிக்காவிலோ தந்தையின் பெயரும் பட்டமும் சேர்த்து வள்ளியம்மா முனுசாமி முதலியார் என்பர். ஒரே பெண்ணை ஒரு நாடு ஊரால் நினைக்கின்றது. மற்றொரு நாடு பட்டத்தால் நினைக்கின்றது.

எழுத்தே வழிகாட்டும்

குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துமுறை, குடும்பம் சென்ற கடல்வழியை ஓரளவு காட்டவல்லது. கவுண்டர் என்பது நேட்டாலில் ‘கொவெண்டர்’ ஆயிற்று. ஆனால் 1903 முதல் சென்னையிலிருந்து ஆள் திரட்டப்பட்ட பிஜித் தீவில் அது ‘கவுண்டார்’ என்ற ஒலியோடு நின்றது. நாயுடு என்பதன் ஈற்றை நேட்டாலிலும் மொரீசியசிலும் இரட்டை ‘ஓ’ இட்டு எழுதுவர்; பிஜியிலும் மலேசியாவிலும் ‘யு’ என்னும் ஒற்றை எழுத்தே பெருவழக்கு. பிள்ளை என்பதன் ஈற்றில் கேரளத்திலும் தமிழகத்திலும் ‘ஐ’ என்னும் எழுத்து வரும். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் ‘ஒய்’ வரும். எழுதியவர் எழுத்தர், ஒலித்தவர் கூலி. எழுத்தர் காதில் விழுந்ததே இன்று பாரம்பரியம் ஆகிவிட்டது.

பிரெஞ்சு ஆட்சி நடந்த தீவுகளில் நிலை வேறு. அங்கே முன்னோரின் தனிப்பெயரே குடும்பப் பெயராவது பெருவழக்கு. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப்பிற்கு 1854இல் முதற் கப்பல் சென்றது. அங்கே இந்திய வழியினர்க்குக் குடியுரிமை வேண்டி 1904 முதல் 1923 வரை போராடி வென்றவர் ஹென்றி சிதம்பரம் (1863–1952). சிதம்பரம் என்பது அங்கே பரம்பரைப் பெயர். முத்துசாமி, இராமசாமி, வீரப்பிள்ளை என்னும் பெயர்கள் பிரெஞ்சு ஒலியேற்று, ரியூனியன் தீவிலும் குவாதலூப்பிலும் மாதினிக்கிலும் இன்றும் குடும்பப் பெயர்களாக உலவுகின்றன. என்றோ வாழ்ந்த ஒரு முத்துசாமி, தமிழ் அறியாத தன் கொள்ளுப்பேரனின் பெயரில் இன்றும் இருக்கின்றார்.

மலாக்காவில் இருவகை

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். மஸ்ஜித் தானாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டி உள்ளது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து, உள்ளூர்ப் பெண்டிரை மணந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் அங்குள்ளோர். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் அல்புகெர்க்கினால் பெண்டகாராவாக அமர்த்தப்பட்ட ‘நினா சாத்து’ இவ்வணிக மரபினரே. ‘நினா’ என்பது நயினார் என்னும் தமிழ் மதிப்புச் சொல் என்று ஆய்வாளர் கருதுவர். ஒல்லாந்தர் காலத்தில், 1781இல், தெய்வநாயகம் செட்டியார் பெற்ற நிலத்தில் எழுந்ததே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில்.

இம்மக்களின் வீட்டுமொழி மலாய். ஆயினும் பிள்ளை, நாயக்கர், பத்தர், செட்டி என்னும் பட்டங்கள் அவர்கள் பெயர்களில் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. சைவ வழிபாடும் இப்பட்டமுமே அவர்தம் தமிழ் மூலத்திற்குச் சான்றாக எஞ்சின.

மஸ்ஜித் தானா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் நிலை இதற்கு நேர்மாறு. கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டிக் கொணர்ந்தனர். ஒருவர் மரபை மற்றவர் அறிந்திருந்தனர். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை ஊருக்குப் போக்குவரத்தும் இருந்தது. மேலும், மலாய் மக்களிடையேயும் குடும்பப் பெயர் இல்லை. ‘பின்’, ‘பிந்தி’ என்று தந்தை பெயர் சேர்ப்பதே அவர் வழக்கம். எனவே இந்நாட்டு அலுவலகம் தமிழனிடம் குடும்பப் பெயரை வற்புறுத்தவில்லை. 1948இல் அடையாள அட்டை வந்தபோதும் இன்னார் மகன் இன்னார் என்பதே போதுமானதாயிற்று. ஆங்கிலத்தில் இருந்த அக்குறிப்பு பின்னர் ‘அனாக் லெலாகி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கமாக மாறிற்று.

சீர்திருத்த இயக்கமும் துணைசெய்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். கோ. சாரங்கபாணி முதலியோர் அக்கொள்கைகளை இங்கே பரப்பினர். தமிழகத்திலும் மலாயாவிலும் அறிவுடையோர் பட்டத்தைக் களைந்த அதே காலத்தில், நேட்டாலில் பட்டம் பிறப்புச் சான்றிதழில் ஆழ வேரூன்றிவிட்டது. அங்கே அது சாதியைச் சுட்டும் ஆற்றலை இழந்து வெறும் பெயராய் நின்றது. இங்கே பெயரிலிருந்தே நீங்கிற்று.

நாம் கொள்ளத்தக்கது

இச்செய்திகளைச் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கம்போங் செட்டியில் மொழி போயிற்று, பட்டம் நின்றது. டர்பனிலும் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது, பட்டம் நிற்கின்றது. தோட்டத்திலே பட்டம் போயிற்று, மொழி நின்றது. பட்டம் மொழியைக் காக்கவில்லை என்பது இதனால் தெளிவாகும். பட்டத்தை மீட்க வேண்டும் என்று எவரேனும் சொல்வாராயின், அது சாதியை மீட்பதாகவே முடியும்; தமிழை மீட்பதாகாது.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. குவாதலூப்புக்காரர் தம் பெயரைச் சொல்லும்போதே நான்கு தலைமுறைக்கு முன் கப்பலேறியவரின் பெயரைச் சொல்கின்றார். நேட்டால்காரர் பட்டியலில் எண்ணைக் கண்டு ஊரையும் வட்டத்தையும் அறிகின்றார். மலேசியத் தமிழன் பெயரில் இருப்பது தந்தை ஒருவரே. பாட்டன் பெயர் தந்தையின் ஆவணத்தோடு நின்றுவிடும். பூட்டன் பெயரை அறிந்தவர் வீட்டில் மூத்தோர் ஒருவரோ இருவரோதான். அவர் மறைந்தால் அப்பெயரும் மறையும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், லயத்தில் அருகருகே வாழ்ந்து ஒருவர் மரபை ஒருவர் நினைவில் வைத்திருந்த நிலையும் இல்லை.

இதற்கு மருந்து குடும்பப் பெயரன்று, எழுத்தே. இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயர், பெற்றோர் பெயர், பாட்டன் பாட்டியர் பெயர், பூட்டன் பூட்டியர் பெயர், அவர்கள் வந்த ஊர், வேலை செய்த தோட்டம் ஆகியவற்றை வீட்டு மூத்தோரிடம் கேட்டுத் தமிழில் எழுதிவரச் செய்தல் ஆசிரியர்க்கு அரிதன்று. தாய்வழிப் பெயர்களையும் உடன் எழுதச் செய்தல் வேண்டும். பட்டமும் குடும்பப் பெயரும் ஒருபோதும் காக்காத பெயர்கள் அவை. சாதியைக் கேட்க வேண்டியதில்லை. பிறமொழி எழுத்தரின் காதில் விழுந்தவாறு பதிவான பெயரை அதன் நல்ல தமிழ் வடிவில் எழுதக் கற்பிக்கவும் அதுவே தக்க வாய்ப்பு.

நேட்டாலில் அக்காரியத்தைக் கூலி முதலாளிகளின் எழுத்தர்கள் தம் கணக்கிற்காகச் செய்தனர். இங்கே அதனை நம் பிள்ளைகள் தம் தாய்மொழியில் செய்யலாம். மொழி நம்மிடம் இருக்கும்போதே அதனைச் செய்து முடித்தல் நன்று.