கிங்ஸ் சர்க்கிளும் தேங்காய் எண்ணெயும்

எண்ணெய் என்னும் சொல்லுக்கு எள்ளின் நெய் என்பதே பொருள் என்பதைப் பள்ளியில் பயின்றோர் அறிவர். வடநாட்டார் வழங்கும் ‘தேல்’ என்னும் சொல்லும், எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்னும் வடசொல்லின் வழிவந்ததே. ஆகவே பெயரளவில் எள்ளுக்கே முதலிடம். தேங்காயினின்று எடுப்பதற்கோ ‘தேங்காய்’ என்று அடைமொழி கொடுத்தே பேசவேண்டியிருக்கிறது.

அடுக்களையிலும் இதே நிலைதான். தஞ்சைத் தரணியில் தாளிக்கவும் பொரிக்கவும் நெடுங்காலம் நின்றது நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் அடுப்பேறியது பாலக்காட்டுத் தமிழரிடத்தும் நாஞ்சில் நாட்டாரிடத்துமே. அந்த நாஞ்சில் நாடும் சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டம், 1956 நவம்பர் 1-ஆம் நாள் திருவாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து நம் மாநிலத்தோடு இணைந்தது. ஆனால் இவ்விரு சாராரும் அதற்கு முன்னரே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிய இடம் ஒன்று உண்டு. அதுவே நம் கிங்ஸ் சர்க்கிள்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான சந்துகளே நோய்க்கு உறைவிடம் எனக் கண்ட அரசினர், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவினர். தாதர், மாதுங்கா ஆகிய பகுதிகள் அகன்ற வீதிகளோடு உருவானது அந்த டிரஸ்டின் திட்டத்தால்தான். பாலக்காட்டு வழியே சென்ற சென்னை ரயில்பாதை 1862-இல் மேல்கரையில் பேப்பூரை எட்டியிருந்தது. 1871-இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் கைகோத்தன. குமாஸ்தா வேலை தேடி நம்மவர் வந்தது இவ்வழியே. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே தோன்றியது. 1942-இல் ராம நாயக் மாதுங்கா ரயில் நிலையத்தருகே உடுப்பி போர்டிங்கைத் தொடங்கினார். பள்ளியும் சோறும் கிட்டிய இடத்தில் குடும்பங்கள் வேரூன்றின.

எம் தந்தையார் தஞ்சைப் பக்கத்தவர். அன்னையார் பாலக்காட்டுப் பக்கத்தவர். ஆதலின் எம் இல்லத்தில் இரண்டு எண்ணெய்த் தூக்குகள் இருந்தன. ஒன்றை மற்றொன்றோடு கலக்க அன்னையார் இசையார். வேறு எண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெய், பொரிக்கும்போது நுரைத்துப் பொங்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. மார்கழிக் காலைகளில் தூக்கிலேயே அது வெண்ணெய்போல் உறைந்துவிடும். சுமார் 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறைவது அதன் இயல்பு. கரண்டிக் காம்பால் கிண்டி எடுத்து வாணலியில் இடுவது சிறுவர்களாகிய எமக்கு இட்ட பணி.

நேந்திரங்காய் வறுவலை அவர் செய்யும் முறை இன்றும் கண்முன் நிற்கிறது. தோல் சீவிய காயை மஞ்சள் நீரில் இட்டுக் கறை போக்கித் துடைத்து, காய்ந்த எண்ணெயின் மேலேயே வட்டம் வட்டமாகச் சீவி விழச் செய்வார். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புநீர் தெளிப்பார். படபடவென்று ஓசை எழும். அவ்வோசை காயிலுள்ள நீர் வெளியேறும் ஓசை. அது அடங்கிய கணமே அரித்தெடுக்க வேண்டும். அவருக்குக் காதே கடிகாரம். அதே காயைத் தடித்த துண்டாக நறுக்கி, நிதானமான தீயில் பொரித்து, வெல்லப்பாகும் சுக்குப் பொடியும் சேர்த்துப் புரட்டினால் சர்க்கரை உப்பேரி. ஒரே வாணலியில் உப்பும் இனிப்பும் பிறந்தன.

நிற்க. இவ்வெண்ணெய்க்குப் போட்டி வராமலில்லை. கொப்பரையை ஆட்டுவதற்கென்று 1917-இல் தொடங்கிய டாடா ஆயில் மில்ஸ், கொச்சியிலே ஆலை அமைத்து, ‘கோகோஜெம்’ என்ற பெயரில் சமையலுக்கென்றே தேங்காய் எண்ணெய் விற்றுவந்தது. ஆயின் நமக்கு அண்மையிலுள்ள சிவ்ரியில் 1932-இல் வனஸ்பதி ஆலை எழுந்தது. 1937-இல் டால்டா வந்தது. நெய்யினும் மலிவாயிருந்தமையால் பட்சணங்கள் பல அதற்கு மாறின. பின்னர் 1980-களில் அமெரிக்காவில் தேங்காய் எண்ணெய்க்கும் பனை எண்ணெய்க்கும் எதிராகப் பெரும் பிரசாரம் நடந்தது. இதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பே என்பதும், அமெரிக்க இருதயச் சங்கம் 2017-இல் இதனைத் தவிர்க்கச் சொன்னதும் மெய்யே. நாள்தோறும் வேண்டாம், பண்டிகைக்குப் போதும் என்று பல இல்லங்கள் ஒதுங்கியதைக் குறைகூற இயலாது.

இவற்றினும் நம் பிள்ளைகளைக் கூசச் செய்தது வேறொன்று. மங்களூராரும் கோவாக்காரரும் இதில் சமைப்பவர்களேயாயினும், இந்நகரத்தார் பலருக்கு இது தலைக்குத் தடவும் எண்ணெய். பள்ளியில் வறுவல் டப்பாவைத் திறந்ததும் ‘தலையெண்ணெய் நாற்றம்’ என்று பிறர் நகைக்க, மறுநாள் முதல் அதனைக் கொண்டுபோக மறுத்தோம். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை.

இதே ஐயம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது என்றால் வியப்பாயிருக்கும். சிறு புட்டியில் விற்கும் தேங்காய் எண்ணெய் உணவா, கேசத் தைலமா என்னும் வரி வழக்கு சேலத்திலிருந்து எழுந்தது. 2018-இல் நீதிபதிகள் இருவர் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். 2024 டிசம்பர் 18-ஆம் நாள் மூவர் அமர்வு, கேசத் தைலம் என்று பெயரிட்டு விற்றாலன்றி அது உண்ணும் எண்ணெயே என்று முடிவு கூறியது. அச்செய்தியைப் படித்தபோது, அன்று டப்பாவை மூடிய சிறுவனே எம் நினைவுக்கு வந்தான்.

சட்டம் அதனை உணவென்று கூறலாம். அதனை உணவாக வைத்திருக்க வேண்டியது இல்லமேயன்றோ? அன்னையார் மறைந்த மறு ஆண்டு, கோகுலாஷ்டமிக்கு எம் இல்லத்தரசியார் வெல்லச் சீடை உருட்டினார். எண்ணெயில் இட்டதும் அத்தனையும் பிரிந்து கரைந்தது. மாவுக்கு வெல்லம் எத்தனை பங்கு என்று, இருந்த நாளில் கேட்டு வைத்துக்கொள்ள எமக்குத் தோன்றவில்லை. கீழ்மாடியில் வாழும் நாகர்கோவில் பாட்டியார் ஒருவர்தாம் மேலேறி வந்து, மாவைத் தொட்டுப் பார்த்து, ‘பாகு கூடிப்போச்சு மக்கா, மாவு சேரு’ என்று சொல்லி அன்றைய நைவேத்தியத்தைக் காத்தார். அன்றிரவே அவர் சொன்ன அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோம்.

கடையில் பொட்டலமாக எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் இஃது எதற்கு என்று கேட்பார் உண்டு. கிங்ஸ் சர்க்கிளின் நடுவேயுள்ள பூங்கா மகேஸ்வரி உத்யான் என்று பெயர் பெற்றும், நம்மவர் நாவில் பழைய பெயர் நிலைத்திருக்கிறது. நாவில் வழங்குவதே நிலைக்கும். சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. நம் காலனியிலுள்ள மூத்த தாய்மார்களின் கைப்பக்குவங்களை, அளவும் பதமும் பிசகாமல், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோமாக. அந்த நோட்டின் முதற்பக்கத்தைத் தர எம் இல்லத்தார் சித்தமாயிருக்கிறோம்.