ஊன்றுகோலும் கயிறும்

வயதான காலத்தில் பார்வை போனவர் வீட்டோடு இருப்பதுதான் நம் வழக்கம் என்று பலரும் நம்புகிறார்கள். பழைய இலக்கியம் அப்படிச் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருவொற்றியூர் எல்லையில் இரு கண்ணும் இழந்த சுந்தரர் அங்கேயே முடங்கிவிடவில்லை. திருமுல்லைவாயிலைத் தொழுது, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, பழையனூர் திருவாலங்காட்டைப் பாடிச் செல்கிறார். இடக்கண் காஞ்சியில்தான் கிடைக்கிறது, வலக்கண் திருவாரூரில். அதாவது, திருவாலங்காட்டின் அருகே அவர் வந்தது பார்வை இல்லாமலேதான்.

இது புராணம்தானே, பிரியேன் என்று கொடுத்த வாக்குத் தவறியதற்குத் தண்டனையாகத்தானே கண் போனது என்று கேட்கலாம். தண்டனை என்ற அந்த எண்ணம் இன்றும் முதியவர்களை உள்ளறையில் அடைக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ஆனால், கேட்டவர்கள் எதை இயல்பென்று ஏற்றார்கள் என்பதற்குப் புராணமும் சாட்சிதான். அதே நூலில், பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டுகிறார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே கயிறு. அதைத் தடவியபடியே மண் சுமந்து கரையேறுகிறார். இறுதியில் அவருக்கும் கண் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது உண்மை, வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இன்றைய முதியவர்களுக்கோ, கண்புரையில் மங்கிய பார்வை அறுவை சிகிச்சையில் திரும்பலாம், கிளாகோமா பறித்தது திரும்பாது. அப்படிப் பார்வை திரும்பாதவர்களுக்கு வேண்டியது வெள்ளைக்கோல், கோயில் படியில் கைப்பிடி, கடைத்தெரு வரை பேசிக்கொண்டே கூட நடக்க ஓர் ஆள்.