ஐஸ் ஹவுசில் ஓர் இல்லம்: சகோதரி சுப்புலட்சுமியும் இளம் கைம்பெண்களின் மறுவாழ்வும்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் வட்ட வடிவ முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1842-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்க, பிரடெரிக் டியூடர் என்ற வணிகரின் நிறுவனம் கட்டியது அது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அதனால் வந்தது. பனிக்கட்டி வணிகம் நொடித்த பின் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். இவ்வளவும் பலருக்குத் தெரியும். இந்த இரண்டு கதைகளுக்கும் பிறகு, அதே கட்டடத்தில் பல ஆண்டுகள் இளம் கைம்பெண்கள் தங்கிப் படித்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேரிழப்புக்குப் பின் ஒரு மனம் எப்படி மீண்டும் வளர்கிறது என்று அறிய விரும்புவோருக்கு அந்த மூன்றாவது கதைதான் முக்கியமானது.

குழந்தைக் கைம்பெண் என்ற நிலை

இன்றைய மாணவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்ப் பிராமணக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பருவமடையும் முன்பே திருமணம் செய்துவிடுவது வழக்கம். திருமணத்துக்குப் பிறகும் பெண் தன் தாய் வீட்டிலேயே இருப்பாள். பருவமடைந்த பின்புதான் கணவன் வீட்டுக்குப் போவாள். இடையில் அந்தப் பையன் காலராவிலோ காய்ச்சலிலோ இறந்துவிட்டால், முகம்கூடச் சரியாக நினைவில் இல்லாத ஒருவனுக்காக அவள் வாழ்நாள் முழுவதும் கைம்மை நோற்க வேண்டும். வளையலும் பொட்டும் பூவும் போகும். வளர்ந்ததும் தலைமுடி மழிக்கப்படும். ஒரே வேளைச் சோறு, முக்காடு, சமையற்கட்டு வேலை, வீட்டு விசேஷங்களில் யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கியிருத்தல் என்று நாட்கள் கழியும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு நேர்ந்ததை வெறும் இழப்பு என்று சொல்லிவிட முடியாது. இழப்புக்குக் காரணமே அவள்தான் என்று அவளிடம் சொல்லப்பட்டது. 'புருஷனை விழுங்கியவள்' என்ற வசைச்சொல் ஒன்பது வயதுக் குழந்தையையும் விட்டுவைக்கவில்லை. முற்பிறவிப் பாவம் என்ற விளக்கமும் கூடச் சேர்ந்துகொண்டது. துக்கத்தை ஆற்றக் காலம் உண்டு. தானே அமங்கலம் என்று நம்பவைக்கப்பட்ட குழந்தையின் மனத்தைக் காலம் ஆற்றாது. ஒவ்வொரு கல்யாணமும் ஒவ்வொரு பண்டிகையும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-இலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் சட்டம் சமையற்கட்டு வரை வந்து சேரவில்லை. ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881-இல் ஒரு மறுமணத்தை நடத்திக் காட்டினார். 'தி இந்து' இதழை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1889-இல் தம் கைம்பெண் மகளுக்கு மறுமணம் செய்துவைத்து, உறவினரின் ஒதுக்கலைத் தாங்கினார். அ. மாதவையா 'முத்துமீனாக்ஷி' என்ற நாவலை எழுதினார். துணிவுள்ள முயற்சிகள்தாம் இவை. ஆனாலும் எண்ணிக்கையில் மிகச் சிலருக்கே இவற்றால் விடிவு கிடைத்தது.

ஒரு தகப்பனாரின் முடிவு

சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். தஞ்சை மாவட்டத்து ரிஷியூர் அவர்களின் பூர்வீகம். தந்தை ஆர். வி. சுப்பிரமணிய ஐயர் பொறியியல் படித்த அரசு ஊழியர், தாய் விசாலாட்சி. பதினொரு வயதில் திருமணம் நடந்தது. சில காலத்திலேயே கணவர் இறந்துபோனார்.

அப்போது அந்தக் குடும்பம் எடுத்த முடிவு எளிதானதன்று. மகளின் தலையை மழிக்கவில்லை. மூலையில் உட்கார வைக்கவுமில்லை. படிக்க வைத்தார்கள். ஊரும் உறவும் என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். சென்னையில் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்புலட்சுமி, 1911-இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று இவரைக் குறிப்பிடுவார்கள்.

இந்தக் கதையில் தந்தைக்குக் கிடைக்கும் பெயர் சித்திக்குக் கிடைப்பதில்லை. சித்தி வாலாம்பாளும் சிறு வயதிலேயே கைம்பெண்ணானவர். சுப்புலட்சுமி படிப்பதற்கு வீட்டில் துணையாக நின்றவர் அவர். பிற்காலத்தில் இல்லத்துப் பெண்களுக்குத் தாயாக இருந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்தவரும் அவரே. ஒரே துயரத்தைச் சந்தித்த இரண்டு தலைமுறைப் பெண்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருத்திக்குக் கிடைக்காத கல்வி மற்றவளுக்குக் கிடைத்தது. கிடைக்காதவள் பொறாமைப்படாமல் தோள் கொடுத்தாள். எந்தப் பட்டச் சான்றிதழிலும் இது பதிவாகவில்லை.

எழும்பூரில் நான்கு பெண்கள்

1912-இல் சென்னை எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் நான்கு பிராமணக் கைம்பெண் சிறுமிகளுடன் இல்லம் தொடங்கியது. அதே ஆண்டு 'சாரதா மகளிர் சங்கம்' என்ற அமைப்பையும் சுப்புலட்சுமி நிறுவினார். பள்ளிக் கண்காணிப்பில் உயர் பதவியிலிருந்த மிஸ் லிஞ்ச் என்ற ஐரோப்பியப் பெண்மணி அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தார்.

அரசு ஏன் உதவியது? கருணை ஒரு பங்கு, தேவை பெரும்பங்கு. பெண் குழந்தைகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். பெண் ஆசிரியர்களோ இல்லை. மணமான பெண்ணை வேலைக்கு அனுப்பும் குடும்பமும் இல்லை. ஆகவே வீட்டுப் பொறுப்பு இல்லாத, இளம் வயதுக் கைம்பெண்களைப் பயிற்றுவித்தால் பெண் கல்விக்கு வழி பிறக்கும் என்று கல்வித்துறை கணக்குப் போட்டது. சமூகம் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் கல்வித்துறைக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள். சுப்புலட்சுமி அந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டு பயன்படுத்தினார்.

பெண்களின் எண்ணிக்கை பெருகியதும் இடம் போதவில்லை. 1917-இல் அரசு ஐஸ் ஹவுசை வாங்கியது. இல்லம் அங்கே போயிற்று. சில நிமிட நடையில் இராணி மேரிக் கல்லூரி. 1914-இல் மகளிருக்கென்றே தொடங்கப்பட்ட அக்கல்லூரியில் இல்லத்துப் பெண்கள் சிலர் மேற்படிப்புக்குச் சேர்ந்தார்கள். 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் சுப்புலட்சுமியே. தொடக்கப் பள்ளி ஆசிரியர் முதல் பட்டதாரி ஆசிரியர் வரை பல நிலைகளில் அங்கே பயிற்சி தரப்பட்டது. பட்டதாரிகளுக்கு அன்று எல்.டி. என்று ஒரு பயிற்சிப் பட்டம் இருந்தது. என்னைப் போன்றவர்கள் படித்த பி.எட். அதன் வழிவந்ததுதான்.

ஆறுதல் சொல்லாமல் ஆற்றுதல்

இன்று மனநலம், உளவியல் ஆலோசனை என்றெல்லாம் சொற்கள் இருக்கின்றன. 1912-இல் அவை கிடையா. ஆனால் அந்த இல்லத்தின் அமைப்பைப் பார்த்தால், மூன்று வகையில் அது அப்பெண்களின் மனத்தைத் தொட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, தனிமை போயிற்று. தன் வீட்டில் அவள் ஒருத்திதான் கைம்பெண்; மற்றவர்கள் பூ வைக்கும்போது அவள் மட்டும் ஒதுங்க வேண்டும். இல்லத்தில் எல்லோரும் அவளைப் போன்றவர்கள். அமங்கலி என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இல்லை, ஏனென்றால் ஒப்பிட மங்கலி யாரும் இல்லை. இல்லத்துத் தலைவியும் அவர்களில் ஒருத்தி, சித்தியும் ஒருத்தி. இந்த நிலையைக் கடந்து ஒரு வாழ்க்கை உண்டு என்பதை யாரும் அவர்களுக்குப் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் கண்ணெதிரே பார்த்தார்கள்.

இரண்டாவது, நாளுக்கு ஒரு வடிவம் வந்தது. பாடம், தேர்வு, அடுத்த வகுப்பு என்று முன்னே பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. துயரத்தில் இருக்கும் குழந்தையைப் பார்த்துப் பரிதாபப்படுகிற ஆசிரியரைவிட, 'கணக்கு எங்கே?' என்று அன்போடு கேட்கிற ஆசிரியரால் பயன் அதிகம். வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன். பரிதாபம் அந்தக் குழந்தையை நடந்த நிகழ்ச்சியிலேயே நிறுத்திவைக்கிறது. கணக்கோ அவளை நாளைக்கு அழைத்துப் போகிறது.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. வெளியே புறப்படுகிறவர்களின் எதிரே வந்தால் சகுனத் தடை என்று விரட்டப்பட்ட ஒருத்தி, பயிற்சி முடித்து ஆசிரியையாகிறாள். காலையில் அவள் முகத்தைப் பார்க்க ஒரு வகுப்பே காத்திருக்கிறது. வணக்கம் சொல்கிறது. மாதக் கடைசியில் அவள் கையில் சம்பளம் வருகிறது. பிறந்த வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளாகவும் மாறுகிறாள். உன்னால் குடும்பத்துக்குக் கேடு என்ற பழைய சொல்லுக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது.

விட்டுக்கொடுத்ததும் விடுபட்டதும்

சுப்புலட்சுமிக்கு முன் வடக்கே இரண்டு முன்னுதாரணங்கள் இருந்தன. பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். பின்னர் அது புனேக்கு மாறியது. அங்கே கிறித்தவ மதமாற்றம் நடக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் 1893-இல் பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. கார்வே 1896-இல் புனேயில் கைம்பெண் இல்லம் தொடங்கியபோது மறுமணப் பிரசாரத்தை அதிலிருந்து தள்ளியே வைத்தார். அவர் தாமே ஒரு கைம்பெண்ணை மணந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சுப்புலட்சுமி தேர்ந்துகொண்டதும் இந்த எச்சரிக்கையான பாதையே. இல்லத்தில் ஆசாரங்கள் காக்கப்பட்டன. மறுமணம் அங்கே நோக்கமாக அறிவிக்கப்படவில்லை. பிராமணப் பெண்களுக்கு மட்டுமே விடுதியில் இடம். வைதிகக் குடும்பத்துத் தகப்பன் ஒருவன் தன் மகளை நம்பி அனுப்ப வேண்டுமானால் இவை தவிர்க்க முடியாதவை என்று அவர் கருதினார். கருதியதில் தவறில்லை, பெண்கள் வந்தார்கள். கல்வி என்ற ஒன்றைக் காப்பாற்ற மற்றவற்றை விட்டுக்கொடுத்தார் என்று சொல்லலாம்.

ஆனால் அரசுப் பணம் ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும் போனது என்ற குறையை மறைக்க வேண்டியதில்லை. குழந்தைத் திருமணமும் கைம்மையும் பிற சாதிகளிலும் இருந்தன. ஆதரவு தேவைப்பட்ட பிற பெண்களும் இருந்தார்கள். 1930-இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் சென்னை விடுதிகளில் இடம் கிடைக்காமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்காகவே அவ்வை இல்லம் பிறந்தது. ஐஸ் ஹவுசின் வாசல் யாருக்குத் திறந்தது என்று எழுதும்போது, சென்னை விடுதிகள் யாருக்குத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. சுப்புலட்சுமியும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1920-களில் உருவான சாரதா வித்யாலயாவின் வழியாகத் தம் பணியை விரித்தார். 1938-இல் அது இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது.

குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் திருமண வயது 14 என்றானது. (இந்தச் 'சாரதா' சட்டத்தைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சார்தாவின் பெயர்; வித்யாலயாவின் சாரதா வேறு. மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.) அந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியவர்களில் சுப்புலட்சுமியும் ஒருவர். சட்டம் உடனே எல்லாவற்றையும் மாற்றவில்லை. ஆனாலும் காலப்போக்கில் குழந்தைக் கைம்பெண்கள் குறைந்தார்கள். இல்லத்துக்கான தேவையும் குறைந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் வழியாக 1956-இல் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய வித்யா மந்திர். 1958-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆங்கிலேய எழுத்தாளர் மோனிகா ஃபெல்டன் அவரோடு பழகி எழுதிய வாழ்க்கை வரலாறு 1966-இல் வெளியானது. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று சுப்புலட்சுமி காலமானார்.

ஐஸ் ஹவுசுக்கு 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாற்றப்பட்டது. இப்போது அங்கே கண்காட்சி நடக்கிறது. அதே கடற்கரைச் சாலையில், லேடி வெலிங்டன் பெயரைத் தாங்கிய கல்வியியல் நிறுவனத்தில் பெண்கள் இன்றும் ஆசிரியர் பயிற்சி பெறுகிறார்கள்.