நாமக்கல் இரட்டைத் தொகுதித் தேர்தலும் ஆட்சிமொழி உறுதியும்

தமிழகத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் 1967ஆம் ஆண்டுத் தேர்தலையே திருப்புமுனையாகக் கொள்வது வழக்கம். அது தவறன்று. ஆயினும், அதற்குப் பத்தாண்டு முன்னரே சேலம் மாவட்டச் சமவெளியில் நிகழ்ந்த பாராளுமன்றத் தேர்தல் ஒன்று ஆய்வாளர் கருத்தை மிகுதியும் ஈர்க்காமல் நிற்கின்றது. 1957இல் நாமக்கல் தொகுதியில் நடைபெற்ற அத்தேர்தலின் இயல்பையும், ஆட்சிமொழிச் சிக்கலில் அதனால் விளைந்த பயனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாளில் நாமக்கல் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வட்டம். தனி மாவட்டமானது 1997இல்தான். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்நிலப்பகுதியில் காங்கிரசு இயக்கம் ஆழ வேரூன்றியிருந்தது. சேலத்தில் வழக்குரைஞராக விளங்கிய இராசாசி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். 1930ஆம் ஆண்டு வேதாரணியம் உப்பு அறப்போருக்கு வழிநடைப் பாடல் ஆக்கித் தந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர் என்றே பெயர் பெற்றார். 1957ஆம் ஆண்டுத் தேர்தலிலும் காங்கிரசின் வலிமை குன்றவில்லை. சென்னை மாநிலத்திற்குரிய 41 மக்களவை இடங்களுள் 31 அக்கட்சிக்கே கிடைத்தன. நாமக்கல்லின் அண்டைத் தொகுதிகளான சேலத்தில் எஸ். வி. இராமசாமியும், திருச்செங்கோட்டில் டாக்டர் ப. சுப்பராயனும் காங்கிரசின் சார்பில் வெற்றி பெற்றனர்.

இத்தகைய சூழலில் நாமக்கல்லில் போட்டியிட்டவர் ஈ. வெ. கி. சம்பத். அப்போது அவருக்கு அகவை 31. அவர் சார்ந்த திராவிட முன்னேற்றக் கழகம் 1949இல் தோன்றியது. 1956ஆம் ஆண்டுத் திருச்சி மாநாட்டில்தான் தேர்தலில் ஈடுபட முடிவு செய்தது. தேர்தல் ஆணையத்தின் ஏற்பினை அக்கட்சி 1958இல்தான் பெற்றது. ஆகவே 1957இல் அதன் வேட்பாளர்கள் சட்டத்தின் பார்வையில் சுயேச்சைகளே ஆவர். மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. சம்பத்தின் சிற்றப்பாவாகிய பெரியார் ஈ. வெ. இராமசாமி, அத்தேர்தலில் காமராசரின் தலைமையை ஏற்றுக் காங்கிரசையே ஆதரித்தார். எனவே, ஒரே இயக்க மரபில் வந்தோரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர்.

நாமக்கல் அந்நாளில் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது. மற்றோர் இடம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பெற்றது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரு வாக்குகள் உண்டு. அவற்றை இரு வேறு வேட்பாளர்க்கு அளித்தல் வேண்டும். வாக்குச் சீட்டில் முத்திரையிடும் முறை அப்போது இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி மறைவிடத்தில் வைக்கப்பெற்றிருக்கும். விரும்பியவர் பெட்டியில் வாக்காளர் தம் சீட்டை இடுவர். குடத்தில் ஓலை இடும் வழக்கினை அகநானூற்று 77ஆம் பாடலாலும், பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளாலும் நாம் அறிவோம். எனினும், உத்தரமேரூரில் தகுதியுடையோர் பெயர்களுள் ஒன்றைக் குடத்திலிருந்து எடுத்தது குலுக்கல் முறை. 1957இல் பெட்டியில் சீட்டு இட்டதோ ஒவ்வொருவரின் தெரிவு. இவ்வேறுபாட்டை மறந்து பழைமை பாராட்டுதல் பொருந்தாது.

முடிவு யாது? பொது இடத்தில் சம்பத் வென்றார். ஒதுக்கிய இடத்தில் காங்கிரசு வேட்பாளர் எஸ். ஆர். ஆறுமுகம் வென்றார். ஒரே தொகுதியில், ஒரே வாக்காளர் திரள், எதிரெதிர் அணியினர் இருவரைத் தில்லிக்கு அனுப்பியது. தொகுதி முழுமையும் தமதே என்று கூறும் உரிமை எவ்வணிக்கும் கிட்டவில்லை. போட்டியின் கடுமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை எனக் கருதுகின்றோம். இரட்டைத் தொகுதி முறை வேறிடங்களில் எதிர்பாராத விளைவுகளையும் தந்தது. அதே தேர்தலில் ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் பழங்குடி வேட்பாளர் இருவரே இரு இடங்களையும் பெற, வி. வி. கிரி தோல்வியுற்றார், அம்முடிவு செல்லும் என உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்முறையே நீக்கப்பெற்றது.

494 இடங்கள் கொண்ட மக்களவைக்குச் சம்பத்தின் கட்சி அனுப்பிய உறுப்பினர் இருவரே. மற்றவர் திருவண்ணாமலை இரா. தருமலிங்கம். எண்ணிக்கையை நோக்கின் இது மிகச் சிறிது. ஆனால் அக்காலமோ ஆட்சிமொழி பற்றிய வாதம் முதிர்ந்த காலம். 1959 ஆகசுட்டு 7ஆம் நாள், பிராங்க் அந்தோணி கொணர்ந்த தீர்மானத்தை ஒட்டிப் பேசிய தலைமை அமைச்சர் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும் என்றும், அதனை முடிவு செய்யும் உரிமை அம்மக்களுக்கே உரியது என்றும் அவையில் உறுதி கூறினார். 1960 ஏப்பிரலில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை அவ்வுறுதிக்கு மாறானது என்னும் ஐயம் தமிழகத்தில் எழுந்தது. குடியரசுத் தலைவரின் வருகையின்போது கறுப்புக்கொடி காட்டக் கழகம் முடிவு செய்தது. அந்நிலையில் சம்பத்துக்கு நேரு 1960 ஆகசுட்டு 3ஆம் நாள் மடல் எழுதி, தம் உறுதியில் மாற்றம் இல்லை எனத் தெளிவுறுத்தினார். கறுப்புக்கொடிப் போராட்டமும் கைவிடப்பெற்றது.

1959ஆம் ஆண்டு உரையையும் 1960ஆம் ஆண்டு மடலையும் ஒன்றாகக் கொண்டு எழுதுவோர் உளர். அது பொருந்தாது. முன்னது அவைக்கு உரைத்தது; பின்னது நாமக்கல் உறுப்பினர்க்கு எழுத்தில் கிடைத்தது. எனினும் இரண்டும் சட்டம் ஆகா. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் ‘நீடிக்கலாம்’ என்றதே அன்றி ‘நீடிக்கும்’ என்று கூறவில்லை. அவ்வொரு வினைவடிவின் நெகிழ்ச்சியை மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா எடுத்துக்காட்டினார். 1965ஆம் ஆண்டுப் போராட்டத்தில் உயிர்கள் பல மாய்ந்த பின்னரே, 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வுறுதிக்கு உருக்கொடுத்தது. சொல்லின் பொருளை ஆராய்தல் புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இஃதொரு சான்று.

சம்பத் 1961இல் கழகத்தினின்றும் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். பின்னர்க் காங்கிரசில் இணைந்தார். அதனால் கழக வரலாறு எழுதுவோர் அவரைச் சுருக்கியே கூறுவர்; காங்கிரசு வரலாறு எழுதுவோர் 1957ஆம் ஆண்டு வெற்றியை எடுத்தோதுவதற்குக் காரணம் இல்லை. இவ்விரு மௌனங்களுக்கும் இடையே நாமக்கல் தேர்தல் மறைந்து நின்றது. கட்சி வரலாறுகளை மட்டும் சான்றாகக் கொள்வோர்க்குத் தொகுதி வரலாறு புலப்படாது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்தோறும் அத்தேர்தற் காலத்துத் துண்டறிக்கைகளையும், முதியோர் நினைவுகளையும் தொகுத்தல் இன்றைய ஆய்வு மாணவர் கடன். இரு சீட்டுகளையும் இரு பெட்டிகளில் இட்ட அம்மக்களுள் இன்று உள்ளோர் மிகச் சிலரே. ஆதலின் அப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.